நோட்டீஸே வராமல் கோர்ட் ஏலத்தில் வீடு போய்விட்டது, ரத்து செய்ய முடியுமா?

கேட்டவர்:
அப்பா புரோநோட்டு எழுதிக்கொடுத்து 3 லட்சம் வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டது தெரியாமல் போய் எக்ஸ்பார்ட்டி டிகிரி (நாங்கள் வராமலே எதிராகத் தீர்ப்பு) ஆகி, வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 5.4 லட்சத்துக்கு நிறைவேற்று மனு (தீர்ப்புத் தொகையை வசூலிக்கும் மனு) போட்டு வீட்டையும் பின்னால் இருக்கும் காலி மனையையும் சேர்த்தே 9 லட்சத்துக்கு ஏலம் விட்டிருக்கிறார்கள். வெளியில் விற்றால் 30 லட்சத்துக்குக் குறையாது. வாங்கினவர் டேப்போடு வந்து அளந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். ஏலம் முடிந்து இன்றோடு 26 நாள். விலை இவ்வளவு குறைவு என்பதை வைத்தே ரத்து கேட்கலாமா?

பழைய குமாஸ்தா:
விலையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 90 கேட்பது வேறு: ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ பெரிய முறைகேடு அல்லது மோசடி இருக்க வேண்டும், அதனால் உங்களுக்குக் கணிசமான நஷ்டம் வந்ததையும் காட்ட வேண்டும். ஜப்தியில் குறை என்று மட்டும் சொன்னாலும் நிற்காது, அதை அந்த விதியின் விளக்கமே சொல்கிறது.

முதலில் நாளை எண்ணுங்கள். ஏல நாளிலிருந்து 60 நாள்தான். தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவெல்லாம் இங்கே செல்லாது, காலவரையறைச் சட்டப் பிரிவு 5 ஆணை 21 மனுக்களுக்குக் கிடையாது. நாளைக்கே நகல் மனு போட்டு நிறைவேற்று மனுவின் மொத்த ஆவணக் கட்டையும் வாங்குங்கள்: டாக்கெட் (உத்தரவுக் குறிப்புகள்), பி டைரி (கோர்ட்டின் அன்றாட நடவடிக்கைப் பதிவு), அமீனா (நோட்டீஸ் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) அறிக்கை, ஏல அறிவிப்பு, பணம் கட்டிய சலான். நான் பார்த்த வரைக்கும் பாதி வழக்கு அமீனா அறிக்கையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். "ஆள் இல்லை, கதவில் ஒட்டினேன்" என்று எழுதியிருப்பார், சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இருக்காது.

கோர்ட்டுப் பக்கம்:
குமாஸ்தா சொல்வது சரி, ஆனால் 90(3)ஐ விட்டுவிட்டார். ஏல அறிவிப்பு தயாரான நாளுக்குள் சொல்லியிருக்கக்கூடிய ஆட்சேபணையை இப்போது கிளப்ப முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார். அதனால் விதி 66 நோட்டீஸ் (ஏல அறிவிப்பு தயாரிக்கும் முன் கடனாளிக்குத் தர வேண்டியது) உங்கள் கைக்கு வந்து சேரவே இல்லை என்பதை நிரூபித்தாக வேண்டும். அது நின்றால் மற்றதும் நிற்கும்.

இன்னொன்று, விதி 64. கடனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொத்தைத்தான் விற்கலாம். அம்பட்டி நரசய்யா வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் இதை நீதிமன்றத்தின் கடமை என்றே சொன்னது. மனையை விற்றாலே 5.4 லட்சம் தேறும் என்றால் வீடு ஏன் போனது? இதை அழுத்திக் கேளுங்கள்.

வாங்கினவர் யார்? டிகிரிதாரரே (கடன் கொடுத்தவரே) எடுத்திருந்தால், ஏலம் கேட்க விதி 72படி கோர்ட் அனுமதி இருக்கிறதா பாருங்கள். மூன்றாம் ஆள் என்றால் எக்ஸ்பார்ட்டி டிகிரியை உடைத்தாலும் ஏலம் தானாக விழாது. அந்த வேலையைத் தனியாகச் செய்யுங்கள், இதோடு போட்டுக் குழப்பவேண்டாம்.

ஒருமுறை பட்டவன்:
சண்டை போடுவதற்கு முன்னால் கையில் பணம் புரளுமா என்று யோசித்தீர்களா? விதி 89 இருக்கிறது. அறிவிப்பில் சொன்ன தொகையைக் கட்டி, ஏலத் தொகையில் 5 சதவீதம் வாங்கினவருக்குக் கொடுத்தால் போதும், முறைகேடு எதையும் நிரூபிக்க வேண்டாம், ஏலம் ரத்து. உங்கள் கணக்குக்கு 5.4 லட்சம், கூடவே 45,000. இதற்கும் அதே 60 நாள். ஆனால் 90இல் மனு போட்டிருந்தால் அதை வாபஸ் வாங்காமல் 89க்கு வர முடியாது. நான் 90ஐயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், 60 நாள் போய்விட்டது. அப்புறம் பணம் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நகல் கிடைத்தது. நோட்டீஸ் எங்கள் பழைய கதவு எண்ணுக்குப் போயிருக்கிறது, அந்த எண் இப்போது எதிர்வீட்டுடையது. ஏலத்தை ஒருமுறை இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளி வைத்திருக்கிறார்கள், புதிய அறிவிப்பு எதுவும் கட்டில் இல்லை. வாங்கினவர் மூன்றாம் ஆள். 25 சதவீதத்தை அன்றே கட்டியிருக்கிறார், மீதிக்கு இருக்கும் சலானில் தேதி 18ஆம் நாள்!

பழைய குமாஸ்தா:
18ஆம் நாளா? விதி 85 படி 15ஆம் நாள் கோர்ட் மூடுவதற்குள் மீதி முழுவதும் கட்டியாக வேண்டும். 1954இலேயே மணிலால் மோகன்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதி 84 (25 சதவீதத்தை அன்றே கட்டுவது), 85 இரண்டும் கட்டாயம், மீறினால் ஏலமே இல்லாத மாதிரி என்று சொல்லிவிட்டது. வெறும் முறைகேடு இல்லை இது. அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 47இல் தனியாகவே எழுப்பலாம். தள்ளிவைத்த விஷயமும் சின்னதில்லை, 30 நாளுக்கு மேல் போனால் உங்கள் சம்மதம் இல்லாமல் புதிய அறிவிப்பு வேண்டும், அது விதி 69.

ஆனால் குதிக்காதீர்கள். 15ஆம் நாள் விடுமுறையா என்று பாருங்கள், அப்படியென்றால் அடுத்த வேலை நாள்தான் கடைசி. அப்புறம் அவர் சலான் கேட்டு எப்போது மனு கொடுத்தார் என்பதும் பி டைரியில் இருக்கும். 14ஆம் நாளே கொடுத்து, கோர்ட் மூன்று நாள் இழுத்திருந்தால், "தாமதம் என்னுடையது இல்லை" என்று நிற்பார்.

கேட்டவர்:
மனு தேதி 17ஆம் நாள். இப்போதுதான் பார்த்தேன். நாளைக் காலை வக்கீலிடம் போகிறேன்.