38 ஆண்டுத் தரவு: இறக்குமதிச் சமன்பாட்டில் விலைக் கெழு நேர்க்குறியில் வருகிறது

கேள்வி
வளரும் நாடு ஒன்றுக்கு 14 சமன்பாடுகள் கொண்ட சிறிய பேரியல் (முழுப் பொருளாதாரத்துக்கான) மாதிரி. ஆண்டுத் தரவு, 38 புள்ளிகள். இறக்குமதியின் மடக்கையை ஜிடிபி, ஒப்பு விலை (உள்நாட்டு விலையோடு ஒப்பிட்ட இறக்குமதி விலை) இரண்டின் மீதும் ரெக்ரெஷன் செய்தால், அதாவது அவற்றைக் கொண்டு விளக்கப் பார்த்தால், ஆர்-ஸ்கொயர் (எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 0.98, டர்பின்-வாட்சன் (அடுத்தடுத்த ஆண்டுப் பிழைகள் தொடர்புடையனவா என்ற சோதனை; தொடர்பு இல்லையென்றால் 2-ஐ ஒட்டி வரும்) 0.6. விலைக் கெழு (விலை மாறினால் இறக்குமதி எவ்வளவு மாறும் என்ற எண்) நேர்க்குறி, அதாவது விலை ஏறினால் இறக்குமதியும் ஏறுவதாகக் காட்டுகிறது. இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆண்டுகளுக்கு டம்மி (அந்த ஆண்டுகளில் 1, மற்றவற்றில் 0 என்ற மாறி) போட்டும் மாறவில்லை. முழு மாதிரியையும் ஓட்டினால் ஐந்தாம் ஆண்டிலேயே நடப்புக் கணக்குப் பற்றாக்குறை கட்டுமீறிப் போகிறது. எங்கே பார்ப்பது?

பதில் 1
ஆர்-ஸ்கொயர் டர்பின்-வாட்சனைத் தாண்டினால் போலி ரெக்ரெஷனோ (உண்மையில் தொடர்பில்லாத தொடர்கள் பொருந்துவதுபோலத் தோன்றுவதோ) என்று சந்தேகப்படச் சொன்னார்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும், 1974-இல். ஆனால் குறி தலைகீழானதற்குக் காரணம் வேறு. செலாவணித் தட்டுப்பாட்டு ஆண்டுகளில் தரவில் பதிவாவது மக்களின் தேவை அல்ல, கையில் இருந்த செலாவணி அனுமதித்த அளவு. நாணய மதிப்பை உயர்த்திப் பிடித்திருப்பார்கள், அதனால் வெளிநாட்டுச் சரக்கு மலிவாகத் தெரியும். உரிமம் கிடைக்காததால் சரக்கு வராது. மலிவு விலையும் குறைந்த இறக்குமதியும் ஜோடியாகப் பதிவாகின்றன.

டம்மி வெட்டுத்துண்டை (கோட்டின் தொடக்க மட்டத்தை) மட்டுமே நகர்த்தும், சரிவை, அதாவது விலைக் கெழுவை, தொடாது. அதை விலையோடு பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே முந்தைய ஆண்டு இறுதிச் செலாவணிக் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்பதை ஒரு மாறியாக வையுங்கள். அதே ஆண்டுக் கையிருப்பு வேண்டாம். இறக்குமதியே அதைக் கரைக்கும்.

பதில் 2
அதன்பிறகு பிழைதிருத்த வடிவத்துக்கு (நீண்டகால உறவிலிருந்து விலகியதில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் சரியாகும் என்ற வடிவம்) மாற்றுங்கள். ஆண்டுத் தரவுக்குப் பின்னடைவு (எத்தனை முந்தைய ஆண்டுகளின் மதிப்பைச் சேர்ப்பது என்பது) 1, மிஞ்சினால் 2; அதற்கு மேல் போனால் 38 புள்ளிகள் தாங்காது. எல்லைச் சோதனை (மாறிகளிடையே நீண்டகால உறவு உண்டா என்று பார்ப்பது) செய்வதானால், எந்த மாறியும் இரண்டு முறை ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் எடுத்தால்தான் நிலைப்படும் வகையாக இருக்கக் கூடாது (விலை மட்டங்களில் இது அடிக்கடி வரும்). பெசரான், ஷின், ஸ்மித் 2001-இல் இந்தச் சோதனைக்குத் தந்த மாறுநிலை மதிப்புகள் (முடிவை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்லை எண்கள்) நிறையப் புள்ளிகள் உள்ள தரவுக்கானவை. 30 முதல் 80 புள்ளிகளுக்கு நாராயண் 2005-இல் தந்த அட்டவணையைப் பாருங்கள்.

ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டு மாறிய இடங்களில் பழைய, புதிய தொடர்களை வளர்ச்சி வீதம் கொண்டு ஒட்டியிருந்தால், கூறுகளின் கூட்டல் மொத்த ஜிடிபியோடு பொருந்தாது. அந்த வித்தியாசத்தை முற்றொருமையில் (கூறுகளின் கூட்டலே மொத்தம் என்ற கணக்குச் சமன்பாட்டில்) தனி வரியாகவே வையுங்கள்.

கேட்டவர்
விலைக் கெழு இப்போது -0.4, பிழைதிருத்தக் கெழு -0.35. பற்றாக்குறை மட்டும் இன்னும் அடங்கவில்லை.

பதில் 1
கையிருப்பை வெளியிலிருந்து கொடுக்கிறீர்களா? அப்படியானால் பற்றாக்குறை எவ்வளவு பெருத்தாலும் இறக்குமதி சுருங்காது. முந்தைய கையிருப்பு, நடப்புக் கணக்கு, மூலதன வரவு மூன்றின் கூட்டலாக அதை மாதிரிக்குள் கொண்டு வாருங்கள். எல்லாம் ஒரே நாணயத்தில் இருக்கட்டும். பிறகும் அடங்காவிட்டால், ஒவ்வொரு சமன்பாடாக நிறுத்தி அதன் இடத்தில் உண்மைத் தரவைப் போட்டு ஓட்டுங்கள். எதை நிறுத்தும்போது அடங்குகிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.