அப்பாவின் அரவானாவுக்கு ஒரு கார் வேண்டும்

செல்வி அக்கா: வீடு மாற சனிக்கிழமை காலை 9 மணிக்கு லாரி. தொட்டியைத் தண்ணீரோடு ஏற்ற மாட்டார்களாம். ஈசூனிலிருந்து தெங்கா புது வீடு வரை அப்பாவின் அரவானா மீனை எப்படிக் கொண்டுபோவது?

லதா அண்ணி: வாளி?

சின்ன மாமா: திறந்த வாளி வேண்டவே வேண்டாம். அரவானா துள்ளும் மீன். மீன் கடையில் பெரிய தடித்த பை கேள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. முதுகு மூழ்கும் அளவுக்குத் தொட்டித் தண்ணீர், மீதி ஆக்சிஜன். ஸ்டைரோஃபோம் பெட்டியில் படுக்கவைத்து மூடு. இருட்டில் அடங்கிக் கிடக்கும்.

கவின்: சாப்பாடு, தாத்தா?

சின்ன மாமா: வியாழனோடு நிறுத்து. வயிறு நிறைந்திருந்தால் பைக்குள்ளேயே கழிவு போடும், அம்மோனியா ஏறும், செவுள் கெடும்.

அம்மா: ஞாயிறு பால் காய்ச்சுவது 6 மணியா 7 மணியா

மோகன் அண்ணன்: தொட்டி அப்போதே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

லதா அண்ணி: ஆரம்பித்தாச்சு

செல்வி அக்கா: அப்பா போன பிறகு தொட்டியைக் கழுவ யார் வந்தது அண்ணா?

அம்மா: குழுவில் வேண்டாம்

சின்ன மாமா: நான் இன்னும் முடிக்கவில்லை. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் அலசிவிடாதே. நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமின் உண்டு, பஞ்சில் இருக்கிற நல்ல பாக்டீரியா செத்துப்போகும். தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே கொண்டு போ. புதுத் தண்ணீரை ராத்திரி முழுக்கப் பிடித்து வைத்தாலும் குளோரமின் போகாது, அதை முறிக்கும் மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும். அத்தான் ஒருநாள்கூட மருந்து ஊற்றாமல் தண்ணீர் மாற்றியதில்லை.

மோகன் அண்ணன்: சான்றிதழ் என்னிடம் இருக்கிறது.

செல்வி அக்கா: எந்தச் சான்றிதழ்?

மோகன் அண்ணன்: மீனுக்குள் இருக்கும் மைக்ரோசிப் எண் போட்டது. அப்பா கொடுத்தார்.

செல்வி அக்கா: எத்தனை வருஷமாகத் தேடுகிறேன்!

லதா அண்ணி: எங்கள் காரில் பின்சீட்டை மடக்கினால் பெட்டி உட்காரும்

மோகன் அண்ணன்: சனிக்கிழமை பிள்ளைக்குத் துணைப்பாடம். 11 மணிக்கு மேல் பார்க்கலாம்.

சின்ன மாமா: அதுவே தோது. தொட்டி முன்னே போகட்டும். அதுவரை மூடி போட்ட பெரிய டப்பாவில், காற்றுப் பம்போடு, மீன் ஈசூனிலேயே இருக்கட்டும். கிளம்பும்போது பையில் போடு. அங்கே போனதும் பையைத் திறக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடு, சூடு சமமாகட்டும். அப்புறம் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்.

கவின்: பெட்டியை நான் பிடித்துக்கொள்கிறேன்

செல்வி அக்கா: கார் வருமா அண்ணா?

மோகன் அண்ணன்: வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.

அம்மா: வரும்போது அந்தக் காகிதத்தையும் எடுத்து வா