மூன்றாவது இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். தக்கலையில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2010-ஆம் ஆண்டுத் தயாரிப்பான டீசல் எஸ்.யூ.வி.; நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின் (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள இன்ஜெக்டர்கள் டீசலைப் பீய்ச்சும் வகை), 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு வாரங்களாக, எஞ்சின் சூடான பிறகு நிறுத்தினால் மீண்டும் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஐடிலிங்கில் நடுங்குகிறது, குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குச் செல்லும் ஏற்றங்களில் இழுவை குறைந்துவிடுகிறது. காலையில் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் உடனே கிளம்பிவிடுவதால், முதலில் பார்த்த மெக்கானிக் என்னை நம்பவே இல்லை.

டீசல் ஃபில்டரையும் பேட்டரியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பின்னர் நாகர்கோவிலில் ரிட்டர்ன் அளவை, அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டரும் பீய்ச்சாமல் திருப்பி அனுப்பும் டீசலின் அளவைச் சோதித்தபோது, மற்ற மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க, மூன்றாவது இன்ஜெக்டரில் மட்டும் இரு மடங்குக்கும் மேல் டீசல் திரும்பி வந்தது. சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தேவையான ரெயில் அழுத்தம் (அந்தப் பொதுக் குழாயின் அழுத்தம்) ஏறாததற்கு அதுவே காரணம் என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. ஒரு பட்டறையில் நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். மற்றொன்றில், பழுதானதை மட்டும் மாற்றி, செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டு, புதிய இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணை ஈ.சி.யூ.வில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) பதிந்தால் போதும் என்கிறார்கள்.

இவ்வளவு தூரம் ஓடிய எஞ்சினில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓராண்டுக்கு மேல் சிக்கலின்றி ஓட்டியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?