லேப் கம்ப்யூட்டர் ஏற்காத எண்

குழு: நம் வீடு

கவிதா, இரவு 8:12
ரவி மாமா, ஹாஸ்டலில் இருந்து என் ப்ராஜெக்ட் கம்ப்யூட்டருக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டு சரிதான். போனில் வரும் 6 இலக்க எண்ணைத்தான் ஏற்க மாட்டேன் என்கிறது. இப்போது லேபிலேயே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த எண் வருவதற்காகப் போனில் ஸ்கேன் பண்ணிய கியூஆர் கட்டம் இதுதான்.
[படம்]

ரவி மாமா, 8:13
படத்தை உடனே அழி. அந்தக் கட்டத்துக்குள் ரகசியச் சாவியே இருக்கிறது. அதை ஸ்கேன் பண்ணுகிற எந்தப் போனிலும் உன் எண் வரும்.

அம்மா, 8:14
நம் வீட்டு ஆட்கள்தானே தம்பி?

ரவி மாமா, 8:15
ஆமாம் அக்கா. ஆனால் எத்தனை பேர் போனில் தானாக இறங்கியிருக்குமோ! கவிதா, அழித்தால் மட்டும் போதாது. அந்தக் கம்ப்யூட்டரில் சாவி உருவாக்கும் கூகுள் அதென்டிகேட்டர் கட்டளையை மறுபடி ஓட்டி, புதுச் சாவி எடு.

தாத்தா, 8:17
பேங்கில் இருந்து மெசேஜில் வருகிற எண்ணா இது?

ரவி மாமா, 8:19
இல்லை அப்பா. இதை யாரும் அனுப்புவதில்லை. சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துப் போனே கணக்குப் போடுகிறது. 30 வினாடிக்கு ஒரு எண். நெட் இல்லாவிட்டாலும் வரும். அந்தக் கம்ப்யூட்டரும் தனியாக அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும்.

கவிதா, 8:26
புதுச் சாவி எடுத்தேன் மாமா. இப்போதும் ஏற்கவில்லை.

ரவி மாமா, 8:28
சரி, கையாலேயே சோதிப்போம். சாவியில் இருந்து இந்த எண்ணைக் கணக்குப் போடும் ஓத்டூல் என்ற கட்டளையை அந்தக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் பண்ணு. சாவியைக் கட்டளையில் டைப் பண்ணாதே, ஹிஸ்டரியில் தங்கிவிடும். உன் ஹோம் ஃபோல்டரில் கூகுள் அதென்டிகேட்டர் ஃபைல் மறைவாக இருக்கும், அதன் முதல் வரிதான் சாவி. ஹெட் கட்டளையால் அந்த வரியை மட்டும் எடுத்து ஓத்டூலுக்குப் பைப் பண்ணு, அதாவது நேராக அனுப்பு. டிஓடிபி (நேரத்தை வைத்து எண் போடும் முறை), பேஸ்32 (சாவி எழுதியிருக்கும் வடிவம்) இரண்டும் சொல்லி, சாவி வருமிடத்தில் ஒரு சின்னக் கோடு போடு.

கவிதா, 8:35
எண் வருகிறது. ஆனால் போனில் வேறு எண்!

ரவி மாமா, 8:36
இப்போது அதே ஓத்டூல் கட்டளையில் விண்டோ 10 என்று சேர்த்து, கடைசியில் போன் காட்டும் எண்ணைக் கொடு. முன்னும் பின்னும் 10 படி தேடி, எத்தனையாவது படியில் பொருந்துகிறது என்று சொல்லும்.

கவிதா, 8:38
8 என்று வந்தது.

ரவி மாமா, 8:39
8 படி, படிக்கு 30 வினாடி. 240 வினாடி, அதாவது 4 நிமிடம். சாவி சரி, கடிகாரம்தான் தப்பு. லாகினில் ஒரு படி முன்பின் மட்டும்தான் விடுவார்கள். கம்ப்யூட்டரின் நேரத்தைக் காட்டும் டைம்டேட்சிடிஎல் கட்டளையைப் போட்டுப் பார்.

கவிதா, 8:41
ஆமாம் மாமா! போனைவிட 4 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. நேர ஒத்திசைவு அணைந்திருக்கிறது.

ரவி மாமா, 8:42
அதே கட்டளையில் செட்-என்டிபி ட்ரூ என்று கொடு, ஒத்திசைவு மறுபடி ஓடும்.

கவிதா, 8:47
உள்ளே போய்விட்டேன்!! ரொம்ப நன்றி மாமா.

ரவி மாமா, 8:48
நல்லது கண்ணு. சாவி எடுத்தபோது 8 இலக்கத்தில் 5 அவசர எண்கள் காட்டியிருக்குமே? போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். காகிதத்தில் எழுதி வை. இங்கே போடாதே.

அம்மா, 8:50
சனிக்கிழமை வரும்போது கொண்டு வா. பீரோவில் உன் சர்டிபிகேட்டோடு வைக்கிறேன்.