உதவி: வாஷ் போட்டதும் டேங்க் வெள்ளை பூத்துவிட்டது, சக்கரமும் கழன்றுவிட்டது (ஞாயிறுக்குள் சரியாக வேண்டும்)

பாலக்கோட்டான் | வியாழன் இரவு 10:40

வணக்கம். அவசரம். செஞ்சூரியன் டேங்க், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற மாடல் கிட். நேற்று வரைக்கும் பச்சை அருமையாக இருந்தது. இன்று சாயங்காலம் வாஷ் (இடுக்குகளில் நிழல் தெரிய ஓடவிடுகிற நீர்த்த கறுப்புப் பெயிண்ட்) போட்டேன். பத்து நிமிடத்தில் மேல்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ரேகை கூடப் பதிகிறது. இடது பக்கம் இரண்டு சக்கரம் தானாகவே கழன்று விழுந்துவிட்டது. ஞாயிறு காலை பெரியப்பாவிடம் கொடுக்க வேண்டும். 71 பாகிஸ்தான் போரில் அவர் ஓட்டியது இந்த வண்டிதான். தண்ணீரில் கழுவட்டுமா? இன்னொன்று வாங்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_மூடுபனி | இரவு 10:52

வெள்ளை பூத்தது என்றாலே ஈரப்பதம்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வாரம் பாலக்கோடு பக்கம் மழையா? மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பூச்சு) ஸ்பிரே அடித்தீர்களா? எனக்குப் போன கார்த்திகையில் இதேதான் நடந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து மேட் அடித்தேன், காலையில் பார்த்தால் வண்டி மேல் திருநீறு பூசின மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மழை நாளில் ஸ்பிரே டப்பாவைத் தொடுவதே இல்லை. கழுவ வேண்டாம், வறண்ட அறையில் வையுங்கள்.

ராயக்கோட்டை_ரயில் | இரவு 10:58

பிளாஸ்டிக்கை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினீர்களா? அச்சிலிருந்து சுலபமாக எடுக்க ஒரு எண்ணெய் பூசியிருப்பார்கள், அது இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. நான் ரயில் பெட்டி செய்கிறவன். கழுவாமல் பெயிண்ட் அடித்த பெட்டி எனக்கு ஒன்று கூட நின்றதில்லை.

பழைய_கிட் | இரவு 11:05

இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இந்த வண்டி பிழைத்திருக்கும். ஒரு விவரமும் சொல்லாமல் மருந்து கேட்டால் யார் எப்படிக் கொடுப்பது? பச்சை எந்த வகைப் பெயிண்ட், அக்ரிலிக்கா எனாமலா? எத்தனை மணி நேரம் காயவிட்டீர்கள்? பச்சைக்கும் வாஷுக்கும் நடுவில் கிளாஸ் வார்னிஷ் (பளபளப்பான பூச்சு) உண்டா? வாஷ் கடையில் வாங்கியதா, வீட்டில் கலந்ததா? எதில் கலந்தீர்கள்? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

பாலக்கோட்டான் | இரவு 11:20

பச்சை டமியா கம்பெனி அக்ரிலிக், பிரஷ்ஷில் அடித்தது. நேற்று ராத்திரி முடித்தேன். வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. வாஷ் நானே கலந்தேன், கறுப்பு எனாமலும் தின்னரும். படம் போட முயற்சி செய்கிறேன், ஏறவில்லை.

பழைய_கிட் | இரவு 11:22

எந்தத் தின்னர்?

ஓசூர்_மூடுபனி | இரவு 11:22

எந்தத் தின்னர் அண்ணா?

அரூர்_பெயிண்டர் | இரவு 11:31

நான் மாடல் செய்கிறவன் இல்லை, பையனுக்காக இங்கே படிக்க வருவேன். பல வருஷமாகக் கார், வேன் பெயிண்ட் வேலை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு ஒன்று தோன்றுகிறது தம்பி. அந்த டப்பாவைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு லேசாக வாசம் பாருங்கள். மண்ணெண்ணெய் சாயலில் அடித்தால் டர்பன்டைன். நகப்பூச்சு அழிக்கிற மருந்து மாதிரி, எங்கள் பட்டறை மாதிரி சுரீரென்று ஏறினால் அது என்.சி. தின்னர். இன்னும் சந்தேகம் இருந்தால், பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டம் இருக்குமே, அதில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். ஒட்டினால் என்.சி.தான்.

பாலக்கோட்டான் | இரவு 11:44

டப்பாவிலேயே என்.சி. தின்னர் என்று எழுதியிருக்கிறது. கடையில் பெயிண்டில் கலக்கத் தின்னர் என்று கேட்டேன், இதைக் கொடுத்தார்கள். சட்டத்தில் விட்டுப் பார்த்தேன், மிட்டாய் மாதிரி ஒட்டுகிறது. இது தப்பா?

அரூர்_பெயிண்டர் | இரவு 11:58

தப்புதான், ஆனால் வண்டி போய்விடவில்லை. பயப்படாதீர்கள்.

என்.சி. தின்னர் கார் பெயிண்டான டூகோவில் கலக்க. அதில் டொலுவீன், அசிட்டேட் வகை சரக்கு இருக்கும். தெர்மோகோல் மேல் ஒரு சொட்டு விட்டால் குழி விழுந்து உள்ளே போவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கிட் பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் ஒரே பாலிஸ்டைரின்தான். ஒன்று காற்றேற்றி உப்ப வைத்தது, இன்னொன்று கெட்டியாக வார்த்தது. உங்கள் அக்ரிலிக்கையும் அது கரைக்கும், அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கையும் இளக்கும். பிசுபிசுப்புக்குக் காரணம் அதுதான்.

வெள்ளைக்கு ஓசூர்க்காரர் சொன்னதில் பாதி சரி. இந்தத் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு ஜில்லென்று ஆகிவிடும். காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படியும். மழை நாளில் டூகோ அடித்தால் காரும் இப்படித்தான் வெள்ளை பூக்கும். அதற்காகத்தான் நாங்கள் மெதுவாகக் காய வைக்கிற ரிடார்டர் சேர்ப்போம்.

இப்போது செய்ய வேண்டியது: எதுவும் செய்யாமல் இருப்பது. துணியால் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். இளகின பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் கோணிக்கொள்ளும். காற்றோட்டமான அறையில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். தின்னர் போனபின் பிளாஸ்டிக் மறுபடி இறுகும்.

பழைய_கிட் | வெள்ளி காலை 6:30

அரூர்க்காரர் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் வந்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்: அடியில் அக்ரிலிக் என்றால் மேலே எனாமல் வாஷ், கலக்க டர்பன்டைன். நடுவில் கிளாஸ் வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். வழவழப்பான பரப்பில்தான் வாஷ் மூலைக்கு ஓடும், சொரசொரப்பில் ஊறிக் கறையாகிவிடும். வண்டி முழுக்க ஊற்றுவது வாஷ் இல்லை. ஆணித்தலை, கதவு விளிம்பு என்று இடம் பார்த்துப் பிரஷ் நுனியால் தொட வேண்டும். அரை மணி கழித்து டர்பன்டைனில் லேசாக நனைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்து மிச்சத்தை எடுக்க வேண்டும். பச்சை வண்டிக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம், அடர் பழுப்பு போதும். கறுப்பு வண்டியைப் பொம்மையாக்கிவிடும்.

சக்கரம் கழன்றது வேறு கதை. அச்சு இறுக்கமாக மாட்டியிருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் ஏற்கனவே இழுபட்டு நிற்கும். தின்னர் அந்த இடுக்கில் ஊறினால் விரிசல் விட்டு ஒடியும். டர்பன்டைன் கூட அங்கே குளமாகத் தேங்கினால் சில சமயம் ஒடிக்கும். அச்சு முறிந்திருக்கிறதா, பசை மட்டும் விட்டிருக்கிறதா?

பாலக்கோட்டான் | வெள்ளி காலை 7:15

முறிந்துவிட்டது. இப்போது தொட்டால் ஒட்டவில்லை, கொஞ்சம் இறுகிவிட்டது. இஞ்சின் மூடிமேல் என் விரல் ரேகை இரண்டு அப்படியே நிற்கிறது. வேலைக்குப் போகிறேன். அப்புறம் சேறுக்கு எங்கள் நிலத்துச் செம்மண் சலித்து வைத்திருக்கிறேன், அதை எப்படி ஒட்ட வைப்பது?

ராயக்கோட்டை_ரயில் | வெள்ளி காலை 7:40

முறிந்த அச்சுக்கு ஜெம் கிளிப் போதும். இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு, கம்பியை நறுக்கி உள்ளே விட்டு ஃபெவிக்விக் ஒரு சொட்டு. பழையதைவிட உறுதியாக நிற்கும். ரேகை விழுந்த இடத்தை சனிக்கிழமை 400, பிறகு 800 வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பச்சை திட்டுத் திட்டாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு எடுத்துவிடலாம், அது டமியா அக்ரிலிக்கை எடுக்கும், பிளாஸ்டிக்கைத் தொடாது. தேய்த்தும் போகாத ரேகைமேல் டிஷ்யூ பேப்பரை ஃபெவிக்கால் கலந்த தண்ணீரில் நனைத்து, மடித்த தார்ப்பாய் மாதிரிப் படுக்க வையுங்கள். நிஜ வண்டியிலும் பின்பக்கம் எப்போதும் ஏதாவது கட்டித்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரி_ஆர்மர் | வெள்ளி காலை 9:10

செம்மண் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். 71-ல் செஞ்சூரியன் என்றால் பாகிஸ்தான் பஞ்சாபில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆறு. டிசம்பர் 16 அன்று நம் பூனா ஹார்ஸ் டேங்க் படைப்பிரிவின் செஞ்சூரியன்கள் அங்கேதான் பாகிஸ்தானின் பேட்டன் டேங்குகளை எதிர்த்து நின்றன. அந்தப் படைப்பிரிவின் அதிகாரி அருண் கேதர்பால் 21 வயதில் பரம்வீர் சக்கர விருது பெற்றது அந்தச் சண்டைக்காகத்தான், உயிர் போன பிறகு. அது ஆற்று வண்டல் நிலம், சாம்பல் கலந்த பழுப்பு மண். நம் தருமபுரி மண் பாறை சிதைந்து இரும்பு துருவேறிச் சிவந்தது. அதை அந்த வண்டியில் பூசினால் வண்டி ஏதோ தொப்பூர் கணவாயில் ஓடின மாதிரி இருக்கும். போரில் போன ஒரு வண்டியைச் செய்கிறோம் என்றால் அந்த நிலத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

ராயக்கோட்டை_ரயில் | வெள்ளி காலை 9:35

எல்லா வண்டியும் பசந்தரில்தான் இருந்தது என்று யார் சொன்னது? அவர் பெரியப்பா எந்தப் படைப்பிரிவு என்றே நமக்குத் தெரியாது. ஜான்சி பக்கம் பபினாவில் டேங்க் பயிற்சிக் களம் இருக்கிறது, அந்த வட்டாரத்தில் செம்மண்ணும் உண்டு. அதைவிட முக்கியம், அவர் சொந்த நிலத்து மண்ணை எடுத்து வைத்திருக்கிறார். ஓட்டினவர் அந்த மண்ணில் பிறந்தவர். அந்த மண் வண்டியில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

பழைய_கிட் | வெள்ளி காலை 9:50

உணர்ச்சி வேறு, மாடல் வேறு. நிறத்தைவிடப் பெரிய சிக்கல் அளவு. மாடல் 1/35 அளவு (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) என்றால் அதில் 1 மி.மீ. துகள் நிஜத்தில் 3.5 செ.மீ. கல். நிலத்து மண்ணைச் சல்லடையில் சலித்தால் போதாது. வேட்டித் துணியில் போட்டு உதறி, கீழே விழுகிற பொடியை மட்டும் எடுக்க வேண்டும். ஒட்ட வைக்க மேட் வார்னிஷில் தண்ணீர் கலந்து பிரஷ் நுனியால் தொட்டால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். சக்கர விளிம்பு, சங்கிலிக்கு மேல் உள்ள தகடு, முன்பக்கத்துக் கீழ்ச்சரிவு, அங்கேதான் மண் தங்கும். பீரங்கி சுழலும் டரட் மேல் அள்ளிக் கொட்டாதீர்கள். சங்கிலிக்கு ஆரஞ்சுத் துரு அடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஓடுகிற சங்கிலி தரையில் தேய்ந்து பளபளக்கும். 6பி பென்சிலால் தேயுங்கள்.

கிருஷ்ணகிரி_ஆர்மர் | வெள்ளி காலை 10:20

பயிற்சிக் களத்து வண்டி என்றால் சரி, அப்படியே சொல்லிச் செய்யட்டும். ஆனால் 71 என்று அவரே எழுதியிருக்கிறார். 65 போரில் நம் பஞ்சாபின் அசல் உத்தர் என்றால் கூட செப்டம்பர் மாதம், தண்ணீர் விட்ட கரும்புக் காடு, கரிய ஈரச் சேறு. எல்லைக்கு இருபுறமும் பஞ்சாப்தான், ஆனால் ஆறு வருஷ இடைவெளியில் இரண்டு விதமான சேறு. அதனால்தான் சொல்கிறேன், நாளும் இடமும் தெரியாமல் மண் பூசக் கூடாது.

ஓசூர்_மூடுபனி | வெள்ளி காலை 10:45

எதைப் பூசினாலும் மழை விட்டபின் பூசுங்கள்.

அரூர்_பெயிண்டர் | வெள்ளி மதியம் 1:15

எனக்கு இந்தப் படைப்பிரிவு எல்லாம் தெரியாது. ஓட்டினவர் பாலக்கோட்டிலேயே இருக்கிறார். அந்த மண் எப்படி இருந்தது என்று அவரையே கேட்கலாமே. பரிசு என்று சொல்ல வேண்டாம், பேச்சுவாக்கில் கேளுங்கள் தம்பி. எங்களிடம் வண்டி விடுகிறவரிடம் பழைய நிறம் எது என்று கேட்டுவிட்டுத்தான் பெயிண்ட் கலக்குவோம்.

பழைய_கிட் | சனி காலை 8:00

பாலக்கோட்டான், வாட்டர் பேப்பர் போட்டாயிற்றா? படம் போடுங்கள். ரேகை ஆழமாக இருந்தால் பட்டி வைக்க வேண்டியிருக்கும், அது காய நேரம் வேண்டும்.

கிருஷ்ணகிரி_ஆர்மர் | சனி மதியம் 2:10

தம்பி, நிறத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். செம்மண்தான் என்றாலும் செய்து முடியுங்கள்.

ஓசூர்_மூடுபனி | சனி இரவு 9:30

யாருக்காவது இவரைத் தெரியுமா? பதிலே இல்லை.

பாலக்கோட்டான் | ஞாயிறு இரவு 9:55

மன்னிக்கணும், நேற்று கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. கொடுத்துவிட்டேன்.

வெள்ளி ராத்திரி பெரியப்பாவிடம் கேட்டேன். டிசம்பரில் ராத்திரி பனியில் சேறாக ஒட்டும், பகலில் காய்ந்து மாவாகக் கொட்டும், நிறம் நம் ராகி மாவு மாதிரி என்றார். செம்மண்ணில் சாம்பலும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தேன். ஜெம் கிளிப் அச்சு நிற்கிறது. ஒரு ரேகை போனது, இன்னொன்றின் மேல் தார்ப்பாய். வாஷ் மறுபடி போடவில்லை, துணிவு வரவில்லை.

டிரைவர் மூடிக்குப் பக்கத்தில் மண் குறைவு என்று சொன்னார். ஏறும்போதும் இறங்கும்போதும் பூட்ஸ் மண் முழுக்க அங்கேதான் விழுமாம். கொஞ்சம் மண் கொண்டு வா என்று கேட்டு, அவரே விரலால் வைத்தார். அரூர் அண்ணாவுக்கு நன்றி. எல்லோருக்கும்.

அரூர்_பெயிண்டர் | ஞாயிறு இரவு 10:10

சந்தோஷம் தம்பி. சிமெண்ட் கலந்திருக்கிறீர்கள், ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத் தின்னரை இறுக்கி மூடி, அடுப்புக்குத் தூரமாக வையுங்கள்.

பழைய_கிட் | ஞாயிறு இரவு 10:32

டிரைவர் மூடி விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. என் செஞ்சூரியனிலும் அந்த இடத்தில் மண் இல்லை, நாளை வைக்கிறேன். முடிந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு படம் போடுங்கள்.