போர்வெல் போட்டபோது கண்ணில்லாத வெள்ளைப் பல்லி வந்ததாமே, உண்மையா?

பாலக்கோடு தக்காளி:
எல்லா குரூப்பிலும் ஒரு வீடியோ சுற்றுகிறது. போர்த் தண்ணீரோடு வெள்ளையாக, கண்ணே இல்லாத பல்லி ஒன்று வந்து விழுந்ததாம், இடம் மாரண்டஹள்ளி என்று போட்டிருக்கிறார்கள். கழுத்தோரம் சிவப்பாகக் குஞ்சம் மாதிரி ஏதோ ஆடுகிறது. எங்கள் சித்தப்பா நாகதேவதை குத்தமாகிவிடும் என்று பயந்துபோய், எங்கள் நிலத்தில் போர் போட வரவேண்டிய ரிக் வண்டிக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
உயிர் நிஜம், ஊர்தான் பொய். அது டெக்ஸாஸ் குருட்டுச் சாலமண்டர். பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தம். அமெரிக்காவில் சான் மார்கோஸ் ஊரைச் சுற்றி நிலத்தடிக் குகைத் தண்ணீரில் மட்டும்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது முதலில் வெளியே தெரிந்ததும் இப்படித்தான், 1890களில் அங்கே மீன் பண்ணைக்காகப் போட்ட கிணற்றில் தண்ணீர் தானாகப் பீறிட்டபோது கூடவே வந்து விழுந்தது, 1896-ல் பெயர் வைத்தார்கள். ஒரு சாண்கூட இருக்காது. கண் இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கடியில் இரண்டு கரும்புள்ளி, அவ்வளவுதான். அந்தச் சிவப்புக் குஞ்சம் அதன் செவுள், கடைசிவரை உதிராது. கும்மிருட்டில் தண்ணீர் அசைவதை வைத்தே இறால், நத்தையைப் பிடித்துத் தின்னும்.

மாங்காத் தோப்பு, கிருஷ்ணகிரி:
அங்கே சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அரித்து அரித்துக் குகையாகிவிடும். நமக்குக் கருங்கல், ஆயிரம் அடி இறக்கினாலும் வெடிப்பில் கசிவதுதான், பாதி நேரம் தண்ணீரே வராது, வெறும் கல்தூசிப் புகைதான். இந்தியாவில் சாலமண்டர் வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும், அதற்கும் கண் உண்டு. கேரளாவில் சில கிணறுகளில் கண்ணில்லாத குட்டிக் கெளுத்தி வருவது உண்மை. சித்தப்பாவை அட்வான்ஸை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், தண்ணீர் வந்ததும் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறதா என்று டெஸ்ட் பண்ணட்டும், பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பாலக்கோடு தக்காளி:
நன்றி அண்ணா. அழியும் நிலையில் இருப்பதாகவும் வீடியோவில் சொல்கிறான், அது?

ஓசூர் நைட் ஷிப்ட்:
அது சரிதான். 1967-லேயே அமெரிக்க அரசு அழியும் உயிர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. அது வாழும் எட்வர்ட்ஸ் என்ற அதே நிலத்தடி நீரைத்தான் சான் அன்டோனியோ நகரமும் விவசாயிகளும் இறைக்கிறார்கள், மட்டம் இறங்கினால் இதற்கு ஓடி ஒளிய வேறு இடம் கிடையாது. போதாக்குறைக்கு சுண்ணாம்புப் பாறை மணல் மாதிரி வடிகட்டாது, மேலே சிந்தும் எண்ணெய், பூச்சிமருந்து எல்லாம் ஓட்டை வழியே நேராக உள்ளே போய்விடும். வழக்குப் போட்டுச் சண்டை பிடித்து, 1993-ல் இறைப்புக்கு அளவு வைக்கத் தனி ஆணையமே உண்டாக்கினார்கள். நம்ம பக்கம் போருக்கு மீட்டர் என்று பேச்செடுத்தாலே அடிக்க வருவார்கள், சரி அது வேறு திரி.