டான்ஸ் கத்துக்கிட்டு பைலட் ஆன பொண்ணுங்க யாராவது இருக்காங்களா?

சலங்கைவீடு:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, சின்னதுலேர்ந்து பரதம் கத்துக்கறா, இப்ப கொஞ்ச நாளா பைலட் ஆகணும்னு ஒரே பிடிவாதம். எங்க மாமியார் "ஆடுற பிள்ளைக்கு ஏரோப்ளேன் எதுக்கு, ரெண்டுல ஒண்ணப் பாரு"ங்கறாங்க. நிஜமாவே டான்ஸ் பக்கத்துலேர்ந்து விமானத்துக்குப் போனவங்க யாராவது இருக்காங்களா? இன்ஸ்பிரேஷன் வசனம் வேண்டாம், வீட்ல ஒத்துக்கிட்டாங்களா, காசுக்கு என்ன பண்ணாங்க, இதெல்லாம் தெரிஞ்சா பொண்ணுகிட்ட உட்கார்ந்து பேசலாம்.

பழையபறவை:
ஜீன் பேட்டன் பத்தி சொல்லுங்க சிஸ். நியூசிலாந்து, 1909-ல ரோட்டோருவாங்கற ஊர்ல பிறந்தவங்க. அந்த வருஷம்தான் ப்ளேரியோ இங்கிலிஷ் கால்வாயைப் பறந்து தாண்டினார், அந்தப் போட்டோவை பேப்பர்லேர்ந்து வெட்டி பாப்பாவோட தொட்டில் பக்கத்துல மாட்டி வச்சாங்களாம் அவங்கம்மா எலென். வளர்ந்தது பாலேவும் பியானோவும் கத்துக்கிட்டுதான். 1929-ல சிட்னிக்குப் போனப்ப ஆஸ்திரேலியாவோட பேர்போன பைலட் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் தன்னோட விமானத்துல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனார், அதோட மனசு முடிவாயிடுச்சு.

அப்பா பல் டாக்டர், அவருக்கு இது துளியும் பிடிக்கல. அதனால மியூசிக் படிக்கப் போறோம்னு சொல்லிட்டு 1930-ல அம்மாவும் பொண்ணும் லண்டன் கிளம்பிட்டாங்க, பியானோவை வித்தாச்சு, ஸ்டாக் லேன்ல இருந்த ஃப்ளையிங் கிளப்ல சேர்ந்தாச்சு.

உங்க பொண்ணுக்கு நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது 1933, 34 ரெண்டு வருஷக் கதையைத்தான். முதல் தடவை ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பி கராச்சி பக்கம் எஞ்சின் போய் விமானம் நொறுங்கிச்சு. ரெண்டாவது தடவை எதிர்காத்துல பெட்ரோல் தீர்ந்து ரோம் மேல நடுராத்திரி, மழை, எஞ்சின் சத்தமே இல்லாம சறுக்கிக்கிட்டே வந்து ரேடியோ கம்பங்களுக்கு நடுவுல ஒரு துண்டு நிலத்துல இறக்கினாங்க. இறக்கையெல்லாம் சேதம். ரிப்பேர் பண்ணி அங்கேர்ந்தே மேல போயிருக்கலாம், ஆனா ரெக்கார்டு கணக்கு இங்கிலாந்துலேர்ந்துதானே, அதனால லண்டனுக்கே திரும்பி வந்து முதல்லேர்ந்து மறுபடி ஆரம்பிச்சாங்க. 1934 மே 8 கிளம்பி 23-ம் தேதி டார்வின்ல இறங்கினாங்க, 14 நாள் 22 மணி 30 நிமிஷம், அதுக்கு முன்னாடி இதே வழியில தனியா பறந்த இங்கிலாந்துப் பொண்ணு எமி ஜான்சனோட நேரத்தைவிட நாலு நாளுக்கு மேல கம்மி. 240 பவுனுக்கு வாங்கின பழைய ஜிப்ஸி மாத்ங்கற சின்ன விமானம், மேல மூடியே கிடையாது, ரேடியோ கிடையாது, மேப்பு, காம்பஸ், கைக்கடிகாரம் அவ்ளோதான்.

நேர்க்கோடு:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா காசு விஷயத்தை லேசா தாண்டிட்டீங்க, அவங்க கேட்டதே அதைத்தானே. ஆர்.ஏ.எஃப்-ல (பிரிட்டிஷ் விமானப்படை) இருந்த ஒரு பைலட் தன்னோட சேமிப்பு 500 பவுனைக் கொடுத்தார், அது திரும்பி வரவே இல்ல. இன்னொருத்தர் முதல் விமானம் வாங்கிக் கொடுத்தார். அதுக்கப்புறம் உதவினது காஸ்ட்ரால் ஆயில் கம்பெனியோட லார்ட் வேக்ஃபீல்டு. அந்தப் பைலட்டை நினைச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு, பொண்ணுகிட்ட இந்தப் பக்கத்தையும் மறைக்காம சொல்லுங்க.

பழையபறவை:
@நேர்க்கோடு அந்தக் கடன் விஷயத்துல உங்க பக்கம்தான் நானும். ஆனா அந்தக் காலத்துல பொண்ணுங்களுக்குப் பைலட் வேலை கொடுக்கிற கம்பெனி எங்கங்க இருந்துச்சு? ரெக்கார்டு போடணும், பேப்பர்ல படம் வரணும், அதைக் காட்டித்தான் அடுத்த பெட்ரோலுக்கு ஸ்பான்சர் பிடிக்கணும். வெள்ளை சில்க் கவுன் ஒண்ணை மடிச்சு எடுத்துட்டுப் போயி இறங்கினதும் மாத்திக்குவாங்க, முகத்துக்குப் பவுடர் போட்டுத்தான் கேமரா முன்னாடி நிப்பாங்க. மேடையில நின்னு பழகினவங்களுக்கு கூட்டம் எதைப் பார்க்கும்னு தெரியும்ல. ஆனா கவுனை வச்சு கடலைத் தாண்ட முடியாது. 1935 நவம்பர்ல செனகல்லேர்ந்து பிரேசிலுக்கு தென் அட்லான்டிக்கைத் தனியா 13 மணி நேரத்துல தாண்டினாங்க, பெண்கள்ல முதல் ஆள். அடுத்த வருஷம் இங்கிலாந்துலேர்ந்து நியூசிலாந்து வரைக்கும் 11 நாள் 45 நிமிஷம், ஆணோ பெண்ணோ அதுக்கு முன்னாடி யாரும் தனியா நேரா பண்ணாதது. கடைசிக் கட்டம் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவுல இருக்கிற டாஸ்மன் கடல், கிளம்புறதுக்கு முன்னாடி நான் கடல்ல விழுந்தா என்னைத் தேடி யாரும் பறந்து வரக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் ஏறினாங்க. தனக்காக இன்னொருத்தர் உயிர் போகக்கூடாதுன்னு நினைச்சவங்க, எனக்கு அது ரொம்பப் பெருசு.

கெடாதமிழன்:
நான் மலேசியாங்க. 1934 பயணத்துல அவங்க இறங்கின ஊர்ல எங்க அலோர் ஸ்டாரும் ஒண்ணு. கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா, அக்யாப், ரங்கூன், விக்டோரியா பாயின்ட், அப்புறம் இங்க, அடுத்து சிங்கப்பூர். ரங்கூன் தாண்டினதும் பருவமழை, திறந்த காக்பிட்ல தண்ணி கொட்டுது, முன்னாடி ஒண்ணுமே தெரியல, ஆனாலும் விக்டோரியா பாயின்ட்டைக் கண்டுபிடிச்சு இறங்கிட்டாங்க. இந்தப் பக்கத்து மழையைப் பார்த்தவங்களுக்கு அது என்ன வேலைன்னு புரியும்.

மேகமலை:
இன்னொரு பேரும் சேர்த்துக்கோங்க, சீனாவோட லி ஷியாச்சிங். டான்ஸர்னு சொல்ல மாட்டேன், சினிமா நடிகை, பதினாலு பதினஞ்சு வயசுலயே லி டான்டான்ங்கற பேர்ல ஷாங்காய்ல ஸ்டார், சீனக் கதையில வர்ற போர் வீராங்கனை ஹுவா முலான் வேஷம்கூட போட்டிருக்காங்க. அதையெல்லாம் விட்டுட்டு 1934-ல ஜெனீவால லைசென்ஸ் எடுத்து அமெரிக்கா போய் ஓக்லாந்துல போயிங் ஸ்கூல்ல சேர்ந்தாங்க. அங்க பயிற்சில சீட்லேர்ந்து தூக்கி எறியப்பட்டு பாராசூட்ல சான் ஃப்ரான்சிஸ்கோ விரிகுடா தண்ணில விழுந்து பிழைச்சவங்க. ஜப்பான் படையெடுப்பு வந்தப்புறம் அமெரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் ஊர் ஊரா விமானத்துல போய் இறங்கி, கூட்டத்துல பேசி, சீனாவுல அடிபட்டவங்களுக்கும் அகதிகளுக்கும் நிதி திரட்டினாங்க. விமானத்தையே பிரசார மேடையா ஆக்கினதுல எனக்கு பேட்டனைவிட இவங்கதான் ஒரு படி மேல.

சலங்கைவீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி பொண்ணு முழுக்கப் படிச்சா. ரோம் கதையை ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. பேட்டன் கடைசில என்ன ஆனாங்கன்னு கேக்கறா.

பழையபறவை:
1937-க்கு அப்புறம் பெரிய பயணம் எதுவும் இல்ல. போர் வந்ததும் விமானத்தை அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அவங்க யுத்த நிதிக்காக ஊர் ஊரா பேசினாங்க. அப்புறம் அம்மாவோட ஜமைக்கா, ஸ்பெயின்னு ஒதுங்கியே வாழ்ந்தாங்க, அம்மா 1966-ல போயிட்டாங்க. 1982-ல மயோர்கா தீவுல நாய் கடிச்ச புண்ணுக்கு வைத்தியம் பார்க்காம விட்டு, அது முத்தி இறந்துட்டாங்க. யாருன்னே தெரியாம பொதுக்குழியில புதைச்சுட்டாங்க, 1987-லதான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது. அவங்க ஓட்டின "பெர்சிவல் கல்" (Percival Gull) விமானம் இப்ப ஆக்லாந்து ஏர்போர்ட்ல தொங்குது, அந்த டெர்மினலுக்கும் அவங்க பேருதான்.

நேர்க்கோடு:
சிஸ், நடைமுறை விஷயம் ஒண்ணு. ப்ளஸ் ஒன்ல பிசிக்ஸ், மேத்ஸ் இருக்கிற குரூப் எடுக்கச் சொல்லுங்க. 16 வயசுல ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ் எடுக்கலாம், கமர்ஷியலுக்கு 18 ஆகணும், 200 மணி நேரம் பறந்திருக்கணும். அகாடமிக்கு அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி கிளாஸ் டூ மெடிக்கலை (பைலட்டுக்கான உடல் தகுதிப் பரிசோதனை) முதல்ல முடிச்சுடுங்க, காசு கட்டிட்டு கண்ணுல பிரச்சினைன்னு திரும்பி வந்த பசங்களை நான் பார்த்திருக்கேன். பரதத்தை எதுக்கும் நிறுத்தாதீங்க.